ஒரே நம்பர், அஞ்சு டிவைஸ்: உங்க மெசேஜ் எத்தனை இடத்துக்குப் போகுது?

இந்த வாரம் நேரா ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம லிஸ்னர் ஒருத்தங்க மெயில் அனுப்பியிருந்தாங்க, பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஃப்ளாட்ல மூணு பேரா ஷேர் பண்ணி இருந்திருக்காங்க. இப்ப வெளிய வந்துட்டாங்க, ஆனா சுமுகமா இல்ல. அவங்களோட டேப்லெட் அங்கேயே மாட்டிக்கிச்சு. கேட்டா, "இங்க அப்படி எதுவும் இல்லையே"ன்னு பதில் வருது. அந்த டேப்ல அவங்க வாட்ஸ்அப் லிங்க் ஆகியிருக்கு.

"போனோட பின் மாத்திட்டேன். கூகுள் பாஸ்வேர்டும் மாத்திட்டேன். இது போதுமா? நான் எங்க அம்மாகிட்ட பேசுறதை அவங்க இன்னும் படிச்சுட்டு இருப்பாங்களா?" இதுதான் கேள்வி.

போதாது. அன்னைக்கே பதில் போட்டுட்டேன். நீங்களும் இதே நிலைமைல இருந்தா எபிசோட் முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல "லிங்க்டு டிவைசஸ்"னு ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்து, அந்த டேப் பேர் மேல தட்டி, லாக் அவுட் கொடுங்க. கொடுத்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்.

சரி. இப்ப விஷயத்துக்கு வரலாம். பாஸ்வேர்டு மாத்தினா ஏன் போதாதுங்கிறதுக்குப் பதில், நாம ஒரே நேரத்துல பல டிவைஸ் பயன்படுத்துறது உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுங்கிறதுல இருக்கு. நாம நினைக்கிறது என்னன்னா, "என் அக்கவுன்ட் ஒண்ணு, ஸ்கிரீன்தான் நாலு." சிஸ்டத்தோட பார்வைல அது அப்படியே தலைகீழ். அதுக்கு உங்க போனும், டேபும், லேப்டாப்பும் தனித்தனி ஆளுங்க. அந்த நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி நடிக்கிறாங்க, அவ்வளவுதான்.

முதல்ல நாம எப்படிப் பயன்படுத்துறோம்னு பார்த்துடலாம். 2012ல கூகுள் அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணி வெளியிட்டாங்க. அதுல ரெண்டு வகையாப் பிரிச்சாங்க. ஒரு வேலையை ஒரு டிவைஸ்ல ஆரம்பிச்சு இன்னொண்ணுல முடிக்கிறது முதல் வகை. பஸ்ல போன்ல ஷூ தேடிட்டு, வீட்டுக்கு வந்து லேப்டாப்ல ஆர்டர் போடுறோம் இல்லையா, அது. ரெண்டாவது வகை, ஒரே நேரத்துல ரெண்டு ஸ்கிரீன். டி.வி.ல மேட்ச் ஓடும், கையில போன்ல ஸ்கோர் பார்ப்போம். ஆய்வுல கலந்துக்கிட்டவங்கள்ல 90 சதவீதம் பேர் முதல் வகையைச் செஞ்சாங்க. டி.வி. பார்க்கிற நேரத்துல 77 சதவீதம் கையில இன்னொரு டிவைஸும் இருந்துச்சாம். கவனிங்க, 2012ல வாட்ஸ்அப் வெப்பே வரல.

அந்தப் பிரிவு நல்ல பிரிவுதான். ஆனா நம்ம வீடுகளுக்கு அது போதாது. நம்ம ஊர்ல மூணாவதா ஒண்ணு இருக்கு: டிவைஸ் கை மாறும். அக்கா புது போன் வாங்கினா பழசு தம்பிக்கு, தம்பிக்குப் பிறகு அப்பாவுக்கு. டேப் ஒண்ணு ஹால்ல கிடக்கும், யார் வேணும்னாலும் எடுப்பாங்க. பிஜில ரூம்மேட் லேப்டாப்ல "ஒரு நிமிஷம் டா, பிரிண்ட் எடுக்கணும்"னு வாட்ஸ்அப் வெப் திறப்போம். டிவைஸ் கை மாறும்போது உள்ள இருக்கிற லாகினும் சேர்ந்தே மாறுது. நம்ம லிஸ்னரோட பிரச்சினை இங்கதான் இருக்கு.

வாட்ஸ்அப்பையே உதாரணமா எடுத்துக்கிறேன். ஏன்னா அவங்க இந்த விஷயத்துல ரெண்டு முற்றிலும் வேற டிசைன்களைப் பயன்படுத்தியிருக்காங்க. ரெண்டையும் நாம பார்த்திருக்கோம்.

2015 ஜனவரில வாட்ஸ்அப் வெப் வந்துச்சு. பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்: லேப்டாப்ல மெசேஜ் அனுப்பணும்னா போன்லயும் நெட் ஆன்ல இருக்கணும். போன் சார்ஜ் போச்சுன்னா, லேப்டாப்ல மஞ்சள் கலர்ல "போன் கனெக்ட் ஆகல"ன்னு ஒரு பட்டை வந்து உட்கார்ந்துக்கும். நிறைய பேர் இதைத் திட்டினாங்க. ஆனா ஏன் அப்படி வெச்சாங்கன்னு புரிஞ்சா திட்ட மனசு வராது. அந்த டிசைன்ல மெசேஜைத் திறக்கிற சாவி போன்ல மட்டும்தான் இருந்துச்சு. லேப்டாப் வெறும் ஜன்னல். நீங்க ஜன்னல் வழியா கையை நீட்டி, உள்ள இருக்கிற போனை வேலை வாங்கினீங்க. போன்தான் மெசேஜைப் பூட்டும், போன்தான் திறக்கும், திறந்ததை லேப்டாப்புக்குக் காட்டும்.

இதுக்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. டெலிகிராம் பாருங்க. புது லேப்டாப்ல லாகின் பண்ணின அடுத்த நொடி மூணு வருஷத்து சாட் மொத்தமும் வந்து நிக்கும். போன் செத்துப் போயிருந்தாலும் வரும். எப்படின்னா, டெலிகிராமோட சாதாரண சாட்கள் அவங்க சர்வர்ல இருக்கு, அதைத் திறக்கிற சாவியும் அவங்க பக்கம்தான் இருக்கு. அவங்களே "சீக்ரெட் சாட்"னு இன்னொண்ணு வெச்சிருக்காங்க, அது எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன். அது எந்த டிவைஸ்ல ஆரம்பிச்சீங்களோ அந்த டிவைஸ்ல மட்டும்தான் தெரியும், வேற எதுலயும் வராது. ஒரே ஆப்புக்குள்ள ரெண்டு உலகம். வசதி வேணும்னா சர்வரை நம்பணும், சர்வரை நம்ப மாட்டேன்னா ஒரே டிவைஸோட இருக்கணும். ரொம்ப வருஷமா இந்தத் துறையில இந்தப் பேரம்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஆப்பிள் 2011ல ஐமெசேஜ் கொண்டு வரும்போதே வேற பாதைல போனாங்க: ஒவ்வொரு டிவைஸுக்கும் தனிச் சாவி. 2021 ஜூலைல வாட்ஸ்அப்பும் அந்தப் பக்கம் வந்தாங்க. போன் இல்லாமலே நாலு துணை டிவைஸ் வரைக்கும் வேலை செய்யும்னு அறிவிச்சாங்க. முதல்ல கம்ப்யூட்டருக்கு. அப்புறம் 2023 ஏப்ரல்ல இன்னொரு போனையே துணை டிவைஸா சேர்க்கலாம்னு சொல்லிட்டாங்க. ஜன்னல் போயி, ஒவ்வொரு டிவைஸும் தனி வீடாயிடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னு ஒரு படமா யோசிங்க. ஒரு அப்பார்ட்மென்ட், ஒரே டோர் நம்பர். உள்ள அஞ்சு பேர். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பூட்டு போட்ட தபால் பெட்டி. ஒருத்தர் சாவி இன்னொருத்தர் பெட்டியைத் திறக்காது. உங்களுக்கு லெட்டர் போடணும்னா, அனுப்புறவர் அஞ்சு காப்பி எடுத்து அஞ்சு பெட்டிலயும் போடணும். காப்பி எடுக்கிற வேலை தபால்காரரோடது இல்ல, ஏன்னா தபால்காரர் லெட்டரைப் படிக்கக் கூடாது. அனுப்புறவரோட போனே அத்தனை காப்பியையும் தனித்தனியா பூட்டி அனுப்பணும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்ககிட்ட ஒரு போன், நாலு துணை டிவைஸ். உங்க ஃப்ரெண்டுகிட்டயும் அதே அஞ்சு. நீங்க "சாப்டியா?"ன்னு அனுப்புறீங்க. அவரோட அஞ்சு டிவைஸுக்கும் அஞ்சு காப்பி போகணும். அதோட முடியலை, நீங்க அனுப்பின மெசேஜ் உங்க மத்த நாலு டிவைஸ்லயும் தெரியணுமே? அதுக்கு நாலு. ஆக ஒரு "சாப்டியா"வுக்கு 9 முறை என்கிரிப்ட் பண்ணி அனுப்புது உங்க போன். உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுக்கிற அந்த நாலு காப்பிதான் எனக்கு இந்த டிசைன்லயே ரொம்பப் பிடிச்ச இடம். நாம ஒரே ஆள்னு நினைக்கிறோம், உள்ள நம்ம போன் நம்ம லேப்டாப்புக்குக் கடிதம் எழுதிக்கிட்டு இருக்கு.

"அப்ப 10 எம்பி வீடியோ அனுப்பினா 90 எம்பி போகுமா?"ன்னு கேட்பீங்க. போகாது. வீடியோவை ஒரு தடவைதான் பூட்டி சர்வர்ல ஏத்தும். அந்தப் பூட்டோட சின்னச் சாவி மட்டும்தான் ஒன்பது காப்பியா போகும். க்ரூப்புக்கும் கொஞ்சம் இதே மாதிரி ஒரு குறுக்கு வழி இருக்கு. முதல்ல ஒரு பொதுச் சாவியை எல்லா டிவைஸுக்கும் தனித்தனியா கொடுத்துட்டு, பிறகு ஒவ்வொரு மெசேஜையும் ஒரே தடவை பூட்டிடும். இல்லைன்னா நம்ம ஃபேமிலி க்ரூப்ல வர்ற குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கே போன் சூடாகிடும்.

பழைய மெசேஜ்கள் புது டிவைஸுக்கு எப்படி வருது? நீங்க க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணும்போது, உங்க போன் சமீபத்திய சாட்களை ஒரு மூட்டையா கட்டி, பூட்டி, புது டிவைஸுக்கு அனுப்பும். மூட்டையைத் திறக்கிற சாவி இன்னொரு என்கிரிப்டட் மெசேஜா போகும். சிக்னல் ஆப் இதைக்கூட ரொம்ப நாள் செய்யலை. புதுசா லிங்க் பண்ணின டெஸ்க்டாப் காலியாத்தான் திறக்கும். 2025 ஜனவரிலதான் பழைய சாட்டையும் கொண்டு போற வசதியைக் கொடுத்தாங்க. காலி டெஸ்க்டாப்னு நிறைய பேர் குறை சொன்னாங்க. நான் அதைக் குறையா பார்க்கலை. லிங்க் பண்றதுங்கிறது இன்னொரு ஆளை உள்ள சேர்க்கிறது மாதிரி. புதுசா சேர்ந்தவருக்குப் பழைய பேச்செல்லாம் எதுக்கு?

இப்ப நம்ம லிஸ்னர் கேள்வியைத் திரும்பப் பாருங்க. கூகுள் பாஸ்வேர்டு மாத்தினாங்க. அது கூகுளோட கதவு, அந்தக் கதவுக்கு நல்லதுதான். போனோட பின் மாத்தினாங்க. அது போன் ஸ்கிரீனோட கதவு. ஆனா டேப்லெட் அந்த ரெண்டு கதவு வழியாவும் வரலை. லிங்க் பண்ணின அன்னைக்கே அதுக்குன்னு சொந்தமா ஒரு சாவி உருவாகிடுச்சு, அந்தச் சாவி டேபுக்குள்ளயே இருக்கு. அவங்க அம்மா "பத்திரமா இருக்கியா?"ன்னு அனுப்பும்போது, அம்மாவோட போன் அந்த டேபுக்கும் சேர்த்து ஒரு காப்பி பூட்டி அனுப்பிக்கிட்டே இருக்கு. அம்மாவுக்கு அது தெரியாது. என்கிரிப்ஷன் ஒழுங்கா வேலை செய்யுது. பிரச்சினையே அதுதான். தப்பான ஆளுக்கு ரொம்பப் பாதுகாப்பா டெலிவரி ஆகுது.

அதனால இந்த டிசைன்ல எல்லாமே ஒரே ஒரு விஷயத்துல வந்து நிக்குது: "இந்த நம்பருக்கு எத்தனை டிவைஸ், எவை எவை?"ங்கிற பட்டியல். அந்தப் பட்டியல் சர்வர்ல இருக்கு. சர்வர் பொய் சொன்னா? பட்டியல்ல சத்தமில்லாம ஆறாவதா ஒரு டிவைஸைச் சேர்த்துட்டா?

இது கற்பனை இல்ல. 2018 நவம்பர்ல பிரிட்டனோட ஜி.சி.எச்.க்யூ. உளவு அமைப்பைச் சேர்ந்த இயன் லெவி, கிரிஸ்பின் ராபின்சன்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரைல இந்த மாதிரி யோசனையைத்தான் முன்வெச்சாங்க. என்கிரிப்ஷனை உடைக்க வேண்டாம், கம்பெனியே ஒரு சாட்டுக்குள்ள சட்டம் ஒழுங்குத் தரப்பு ஆளை ஓசைப்படாம சேர்த்துவிட்டாப் போதும்னு. இதுக்கு "பேய் யூசர்" திட்டம்னே பேர் வந்துடுச்சு. 2019ல ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்து, கூடவே நிறைய அமைப்புகளும் நிபுணர்களும் கையெழுத்துப் போட்டு, இது வேண்டாம்னு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க.

இந்தப் பேயை விரட்ட ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, புது டிவைஸைச் சேர்க்கும்போது உங்க முதன்மைப் போன் அதுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடணும். வாட்ஸ்அப் அப்படித்தான் வெச்சிருக்கு. சர்வர் தன்னிஷ்டத்துக்கு ஒரு டிவைஸைச் சொருகினா, கையெழுத்து இல்லாத டிவைஸை மத்தவங்க போன் ஏத்துக்காது. ரெண்டாவது, சாவிப் பட்டியலையே யாரும் ரகசியமா திருத்த முடியாத ஒரு பொதுப் பதிவேடு மாதிரி வெச்சுடுறது. எனக்கு ஒரு பட்டியலும் உங்களுக்கு வேற பட்டியலும் காட்டினா மாட்டிக்கும். 2023ல வாட்ஸ்அப் இதை ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் டிசம்பர்ல ஆப்பிளும் ஐமெசேஜுக்குக் கொண்டு வந்தாங்க. இதுக்கு "கீ டிரான்ஸ்பரன்சி"ன்னு பேர். கேட்கவே போர் அடிக்கிற பேர், ஆனா கடந்த பத்து வருஷத்துல மெசேஜிங்ல வந்த நல்ல காரியங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்வேன்.

இதெல்லாம் சர்வரைத் தடுக்கும். உங்களையே ஏமாத்தி ஸ்கேன் பண்ண வெச்சா தடுக்காது. 2025 பிப்ரவரில கூகுளோட அச்சுறுத்தல் ஆய்வுக் குழு ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. ரஷ்யா சார்பான ஹேக்கர் குழுக்கள் உக்ரைன் தரப்பு ஆளுங்களோட சிக்னல் அக்கவுன்ட்டுக்குள்ள எப்படி நுழைஞ்சாங்கன்னு. அவங்க என்கிரிப்ஷன்ல கையே வைக்கலை. "இந்த க்ரூப்ல சேருங்க"ன்னு ஒரு க்யூஆர் கோடு அனுப்புவாங்க. ஸ்கேன் பண்ணினா க்ரூப்ல சேர மாட்டீங்க, ஹேக்கரோட டிவைஸ் உங்க அக்கவுன்ட்ல லிங்க் ஆகிடும். இன்னொரு வழி இன்னும் கொடுமை: போர்க்களத்துல கைப்பற்றின போன்களை எடுத்து, அதுல இருக்கிற சிக்னலைத் தங்களோட கம்ப்யூட்டரோட லிங்க் பண்ணிட்டாங்க. அந்தப் போன்ல பேசிக்கிட்டிருந்தவங்களோட மெசேஜ்கள் அங்க வந்துக்கிட்டே இருக்கும்.

போர்க்களம் எங்க, ஓ.எம்.ஆர். ஃப்ளாட் எங்கன்னு தோணும். டெக்னிக்கலா ரெண்டும் ஒரே தாக்குதல்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்குவோம். கனமில்லாத பக்கத்துக்கு வரலாம்.

இந்த நாலஞ்சு ஆளுங்க ஒரே ஆள் மாதிரி நடிக்கிறதுல அடிக்கடி சொதப்புவாங்க, கவனிச்சிருப்பீங்க. கால் வரும், போனும் டேபும் லேப்டாப்பும் சேர்ந்து அலறும். போன்ல எடுத்துட்டீங்க, ஆனா டேப் இன்னும் ரெண்டு செகண்ட் கத்தும். இன்டர்நெட் காலுக்கான எஸ்.ஐ.பி.ங்கிற விதிமுறையோட 2002 பதிப்புலயே இதுக்கு வழி இருக்கு. ஒரு அழைப்பைப் பல கிளையாப் பிரிச்சு எல்லா டிவைஸுக்கும் அனுப்பும், ஒருத்தர் எடுத்ததும் மத்தவங்களுக்கு "ரத்து" அனுப்பும். அதே வருஷம் அந்த ரத்தோட காரணமும் சேர்த்து அனுப்ப ஏற்பாடு வந்துச்சு: "கால் வேற இடத்துல எடுத்தாச்சு." அந்தக் காரணம் போகலைன்னா உங்க டேப் அதை மிஸ்டு கால்னு காட்டும். பேசி முடிச்ச காலுக்கே மிஸ்டு கால் காட்டினா, எங்கேயோ ஒரு புரோகிராமர் அந்த ஒரு வரியை விட்டுட்டார்னு அர்த்தம்.

ப்ளூடூத் இயர்பட்ஸும் அப்படித்தான். இந்த எபிசோடைப் போன்ல கேட்டுக்கிட்டு, அதே இயர்பட்ஸ் ஆபீஸ் லேப்டாப்போடயும் சேர்ந்திருந்தா, லேப்டாப்ல ஒரு "டிங்" வந்தாப் போதும், என் குரல் பாதியில நின்னிருக்கும். மல்டிபாயின்ட்னு சொல்வாங்க. ரெண்டு டிவைஸோட தொடர்பு இருக்கும், ஆனா பொதுவா ஒரு நேரத்துல ஒண்ணோட சத்தம்தான். யாருக்கு முன்னுரிமைங்கிறதை இயர்பட்ஸ் கம்பெனி எழுதின விதி முடிவு பண்ணும். உங்க மேனேஜரோட டிங் என்னை ஜெயிக்கிறதுல எனக்கு வருத்தம்தான்.

எபிசோடை எங்க விட்டீங்கங்கிறது இதைவிடச் சுவாரசியமான சிக்கல். போன்ல 40வது நிமிஷத்துல நிறுத்துறீங்க. ஆப் அதை சர்வர்ல குறிச்சுக்கும். ராத்திரி டேபைத் திறக்கிறீங்க, அது ரெண்டு நாளா ஆஃப்லைன்ல இருந்துச்சு, அதுக்குத் தெரிஞ்சது 5வது நிமிஷம். அதுவும் சர்வருக்கு "5"னு சொல்லுது. எதை நம்புறது? "கடைசியா சொன்னவர் ஜெயிப்பார்"னு வெச்சா உங்க 40 போயிடும். "யார் அதிக தூரம் போயிருக்காங்களோ அவங்க"ன்னு வெச்சா? கிண்டில்ல "அதிகபட்சம் படிச்ச பக்கம்"னு ஒரு ஏற்பாடு இருக்கு. நீங்க சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டா, மத்த டிவைஸ் உங்களைக் கடைசிப் பக்கத்துக்கு வரியான்னு கூப்பிடும்.

சரி, நேரத்தை வெச்சு முடிவு பண்ணலாமேன்னா, யாரோட கடிகாரம்? ரெண்டு டிவைஸோட கடிகாரமும் ஒத்துப் போகணும்னு கட்டாயம் இல்ல. லெஸ்லி லாம்போர்ட் 1978ல இதைப் பத்தி எழுதின ஆய்வுக் கட்டுரையைத்தான் இன்னைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல படிக்கச் சொல்றாங்க. தனித்தனியா இருக்கிற இயந்திரங்களுக்குள்ள "எது முதல்ல நடந்துச்சு"ங்கிறதை கடிகாரத்தைக் கேட்டுச் சொல்ல முடியாது, யார் யாருக்கு என்ன தகவல் அனுப்பினாங்கங்கிற வரிசையை வெச்சுத்தான் சொல்ல முடியும்னு. மொபைலே இல்லாத காலத்துல எழுதினது, நம்ம பாட்காஸ்ட் ஆப்போட 40வது நிமிஷத்துக்கும் அப்படியே பொருந்துது.

பக்கத்துல இருக்கிற டிவைஸ்களுக்கு இன்னொரு டெக்னிக் இருக்கு. ஆப்பிள் 2014ல ஹேண்ட்ஆஃப்னு கொண்டு வந்தாங்க. போன்ல பாதி மெயில் டைப் பண்ணிட்டு மேக் முன்னாடி உட்கார்ந்தா, கீழ ஒரு ஐகான் எட்டிப் பார்க்கும், தட்டினா அதே மெயில். இதுல டிவைஸ்கள் குறைஞ்ச மின்சாரத்துல ஓடுற ப்ளூடூத்ல, ஏறக்குறைய 10 மீட்டருக்குள்ள, "நான் இதைச் செஞ்சுட்டு இருக்கேன்"னு பூட்டின சிக்னலாச் சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரே அக்கவுன்ட்ல இருக்கிற மத்த டிவைஸுக்கு மட்டும் அது புரியும். 2016ல வந்த பொது கிளிப்போர்டும் இதே குடும்பம்தான், ஒண்ணுல காப்பி பண்ணி இன்னொண்ணுல பேஸ்ட். வீட்டு டேபைத் தங்கச்சி கையில கொடுத்துட்டு, பக்கத்துல உட்கார்ந்து போன்ல பாஸ்வேர்டு காப்பி பண்றவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

இப்ப சிம்முக்கு வர்றேன், ஏன்னா இதையும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. வாட்ஸ்அப்பை அஞ்சு இடத்துல திறக்க முடியுது, யு.பி.ஐ. ஆப்பை மட்டும் ஏன் ரெண்டாவது போன்ல சும்மா லாகின் பண்ண முடியல? யு.பி.ஐ. வேற கேள்வி கேட்குது. ஆப்பைப் போட்டதும் உங்க போன்லேர்ந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானா போகும், பார்த்திருப்பீங்க. அது வெளிய போற எஸ்.எம்.எஸ்.ங்கிறதுதான் முக்கியம். உள்ள வர்ற ஓடிபியை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் வாசிச்சுக் காட்டலாம். வெளிய போறதுக்கு அந்த சிம் அந்தப் போன்ல இருந்தே ஆகணும். அதை வெச்சு இந்த நம்பர், இந்தப் போன்னு முடிச்சுப் போட்டுடும். பணம்னு வரும்போது அந்தக் கெடுபிடி வேணும்னுதான் நான் சொல்வேன்.

2025 நவம்பர் கடைசில நம்ம தொலைத்தொடர்புத் துறை இதே மாதிரி ஒரு முடிச்சை மெசேஜிங் ஆப்களுக்கும் போடச் சொல்லி உத்தரவு போட்டாங்க. பதிவு பண்ணின சிம் போன்ல எப்பவும் இருக்கணும், வெப்ல திறந்தா 6 மணி நேரத்துக்குள்ள லாக் அவுட் ஆகி, திரும்ப க்யூஆர் ஸ்கேன் பண்ணணும்னு. காரணமா சொன்னது, சிம் இல்லாமலே நம்ம ஊர் நம்பர்ல வெளிநாட்டுல உட்கார்ந்து நடத்துற மோசடி. காரணம் நியாயமானது. ஆனா 6 மணி நேரம்ங்கிறது எனக்கு உறுத்துது. நாள் முழுக்க லேப்டாப்ல கஸ்டமருக்குப் பதில் சொல்ற சின்னக் கடைக்காரரையும் அது பாதிக்கும். இன்னொண்ணு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை க்யூஆர் ஸ்கேன் பண்றது பழகிட்டா, எந்த க்யூஆர் வந்தாலும் யோசிக்காம ஸ்கேன் பண்ற கையும் பழகிடும். உக்ரைன்ல நடந்ததை இப்பதான் பார்த்தோம்.

கடைசியா அந்த டேபுக்கு. லாக் அவுட் கொடுத்தாச்சு, அதுக்கப்புறம் என்ன நடக்கும்?

நீங்க தட்டின உடனே பட்டியல்லேர்ந்து அந்த டிவைஸ் நீங்கிடும். இனிமே அம்மாவோட போன் அதுக்குக் காப்பி பூட்டாது. இது உறுதி. ஆனா ஏற்கெனவே போய்ச் சேர்ந்த மெசேஜ்கள் டேப்லயே இருக்கு. "நீ லாக் அவுட்"ங்கிற தகவல் அந்த டேபுக்குப் போகணும்னா டேப் நெட்டோட சேரணும். வைஃபையை அணைச்சு வெச்சிருந்தா, அது வரைக்கும் வந்த மெசேஜ்கள் அங்க அப்படியே கிடக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தா எந்த லாக் அவுட்டும் அதைத் தொடாது. முதன்மைப் போன் 14 நாள் ஆன்லைன்ல வரலைன்னா துணை டிவைஸ்கள் தானா கழண்டுக்கும்னு ஒரு விதி இருக்கு. ஆனா நாம தினமும் போனைப் பயன்படுத்துறோம், அதனால அது இங்க உதவாது. தினமும் நாம போனை எடுக்கிறதே மறந்துபோன டேபையும் உயிரோட வெச்சிருக்கு.

அவங்களுக்கு நான் எழுதின மீதி இதுதான். கூகுள் அக்கவுன்ட்ல "உங்கள் டிவைஸ்கள்" பக்கத்துக்குப் போய் அந்த டேபைத் தனியா வெளியேத்துங்க. இன்ஸ்டாகிராம், டெலிகிராம், நெட்ஃபிளிக்ஸ், எல்லாத்துலயும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கும், ஒண்ணொண்ணா பாருங்க. கூகுளோட "ஃபைண்ட்" வசதி ஆன்ல இருந்தா, டேப் நெட்டுக்கு வரும்போது மொத்தமா அழிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்து வைக்கலாம். இதுல ஒரு வரிசை இருக்கு: அழிக்கிற உத்தரவை முதல்ல கொடுங்க, அக்கவுன்ட்லேர்ந்து டேபை நீக்குறது அப்புறம். நீக்கிட்டா டேபை எட்டுற வழியும் போயிடும். டேபைத் திருப்பித் தரவே மாட்டேன்னா போலீஸ்ல புகார் கொடுக்கலாம், பில்லும் பெட்டி மேல இருக்கிற சீரியல் நம்பரும் கையில இருக்கட்டும்.

அவங்க பதில் ரெண்டு நாள்ல வந்துச்சு. லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைத் திறந்திருக்காங்க. டேப் இருந்துச்சு. கூடவே ஒரு விண்டோஸ் லேப்டாப்பும் இருந்துச்சாம். அவங்ககிட்ட விண்டோஸ் லேப்டாப்பே கிடையாது.